ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவை நிறுத்தி வைக்கலாமா?

கேள்வி இது: எஸ்யூவி வண்டி. தேவைப்படும்போது தானாகவே நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற வகை. ஓடுவது பெரும்பாலும் தார்ச்சாலையில்தான். கொஞ்ச நாளாக, ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்பக்கம் ஒரு உறுமல் கேட்கிறது. "ஃபோர் வீல் ஃப்யூஸைப் பிடுங்கிவிடு, சத்தமும் போகும், மைலேஜும் கூடும்" என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்துவிட்டு, முன்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற முன்சக்கர வண்டியாகவே ஓட்டலாமா? பின்னால் ஏதாவது செலவு வைக்குமா?

சத்தம் போகலாம். மைலேஜ் சொல்லிக்கொள்கிற மாதிரி ஏறாது. செலவு வைக்குமா என்பது உங்கள் வண்டியில் எந்த வகை அமைப்பு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கரண்டை நிறுத்தினால் சில வண்டிகளில் பின்சக்கரங்கள் விடுபடும், சிலவற்றில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அது எது என்று தெரியாமல் ஃப்யூஸ் பெட்டியில் கை வைக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால், டேஷ்போர்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் ஒரு பகுதியினரின் வண்டியில் நிறுத்துவதற்கான சுவிட்ச் ஏற்கனவே இருக்கிறது, அவர்கள் அதைத் தொட்டதே இல்லை. நிஸான் எக்ஸ்-டிரெயிலின் ஆல் மோடு வண்டிகளிலும் ரெனோ டஸ்டரின் ஃபோர் வீல் டிரைவிலும் ஒரு திருகு இருக்கும்: 2டபிள்யூடி (இரண்டு சக்கர இழுவை), ஆட்டோ, லாக். முதல் நிலையில் வைத்தால் முன்சக்கர வண்டி, அவ்வளவுதான். மிட்சுபிஷி பஜேரோவின் சூப்பர் செலக்டில் 2எச் என்ற இரண்டு சக்கர நிலை இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய எஸ்யூவிகளில் (அடிப்படையில் பின்சக்கர வண்டிகள்) வந்த ஆட்டோட்ராக்கில் 2ஹை, ஆட்டோ, 4ஹை, 4லோ என்று பொத்தான்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆட்டோவில் வைத்தால், இழுவை தேவைப்படாதபோதும் முன் ஆக்சில் இணைந்தே இருக்கும், முன்பக்க ஷாஃப்டுகள் சும்மா சுழன்றுகொண்டே இருக்கும். 2ஹையில் வைத்தால்தான் முன் ஆக்சில் விடுபடும். காய்ந்த சாலையில் வருடக்கணக்காக ஆட்டோவிலேயே ஓட்டுகிறவர்கள் அந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். இவர்களுக்கெல்லாம் ஒயரை அறுக்கும் வேலையே இல்லை.

"லாக்" என்ற பொத்தான் மட்டும் இருக்கிற வண்டி வேறு. அது இழுவையைக் கூட்டுவதற்கான பொத்தான். அதை அணைத்தால் வண்டி ஆட்டோவுக்குத்தான் திரும்பும், டூ வீல் டிரைவுக்கு வராது. உங்கள் வண்டி இந்த ரகம் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இன்றைய எஸ்யூவிகளில் பெரும்பாலானவை அடிப்படையில் முன்சக்கர வண்டிகள். எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். கியர்பாக்ஸின் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கூம்பு வடிவப் பல்சக்கரங்கள். சுழற்சியைச் செங்கோணமாகத் திருப்பிப் பின்னால் அனுப்புவது அதன் வேலை. அங்கிருந்து புரொப்பல்லர் ஷாஃப்ட் வண்டியின் நீளத்துக்கு ஓடும். பின் டிஃபரன்ஷியலுக்கு (இடது, வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி) சற்று முன்னால் கப்ளிங். அந்தக் கப்ளிங் பிடித்தால் பின்சக்கரத்துக்கு இழுவை, விட்டால் இல்லை. ஷாஃப்ட் எப்படியும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வையுங்கள், மைலேஜ் கணக்குக்கு அதுதான் வேண்டும்.

அந்தக் கப்ளிங்குக்குள் பல வகை. அதிகம் புழங்குவது மின்காந்த வகை. உள்ளே ஒரு காயில், ஒரு சின்ன கிளட்ச், ஒரு பெரிய கிளட்ச், இரண்டுக்கும் நடுவில் சரிவான பள்ளங்களில் உட்கார்ந்த இரும்புக் குண்டுகள். காயிலில் கரண்ட் பாய்ந்தால் சின்ன கிளட்ச் பிடிக்கும். அப்போது முன்பின் வேக வித்தியாசத்தால் குண்டுகள் சரிவில் ஏறி, பெரிய கிளட்சின் பிளேட்டுகளை நெருக்கும். சில ஆம்பியர் கரண்ட்டை வைத்து, வண்டியையே தள்ளுகிற அளவு விசையைக் கட்டுப்படுத்துகிறார்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. டொயோட்டா, நிஸான் உட்படப் பல நிறுவனங்கள் இந்த வகையைப் பயன்படுத்தியிருக்கின்றன. இதில் கரண்ட் இல்லையென்றால் பிடிப்பு இல்லை. ஒயரைக் கழற்றினால் முன்சக்கர வண்டி. உங்களுக்கு யோசனை சொன்னவர் மனதில் இருந்தது இந்த வகையாகத்தான் இருக்கும்.

ஃபோக்ஸ்வாகன், வோல்வோ வண்டிகளில் வருகிற ஹால்டெக்ஸ் என்ற கப்ளிங் எண்ணெய் அழுத்தத்தில் இயங்குகிறது. புதிய தலைமுறைகளில் மின்சார பம்ப் அழுத்தத்தை உண்டாக்கி கிளட்ச் பிளேட்டுகளை நெருக்கும். பம்ப் நின்றால் அழுத்தம் இல்லை, பிடிப்பும் இல்லை. இங்கேயும் ஃப்யூஸைப் பிடுங்கினால் முன்சக்கர வண்டிதான். ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் தனி ஃபில்டர் கிடையாது, பம்பின் வாயில் ஒரு சின்ன வலை மட்டும் இருக்கும். கிளட்ச் தேய்ந்து வருகிற கசடு அந்த வலையை அடைத்து, பம்ப் திணறிச் செத்துப்போவது சகஜம். அப்படிப்பட்ட வண்டிகள் உரிமையாளருக்கே தெரியாமல் எத்தனையோ காலமாக டூ வீல் டிரைவாக ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் நிறுத்த நினைப்பது ஏற்கனவே நின்றுபோய்கூட இருக்கலாம்!

இப்போது எதிர்மாறான வகை. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த நாலு கியர் ஆட்டோமேட்டிக் சுபாரு வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸின் வால்பகுதியில் ஒரு கிளட்ச் கட்டு, அதை ஒரு சோலினாய்டு (கரண்ட்டில் இயங்குகிற வால்வு) கட்டுப்படுத்துகிறது. சோலினாய்டுக்கு முழுக் கரண்ட் கொடுத்தால் கிளட்ச் விடும். கரண்ட் இல்லாவிட்டால் முழு அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும். அதாவது அங்கே ஒயரை அறுத்தால் முன்னும் பின்னும் இறுகி, காய்ந்த சாலையில் திருப்பும்போது வண்டி தடக் தடக் என்று துள்ளும். ஃபோர் வீல் டிரைவை நிறுத்தப்போய் நிரந்தரமாகப் பூட்டிவிட்டதாக ஆகும். சுபாருவே இதற்கு ஒரு வழி வைத்திருந்தது: எஞ்சின் அறையில் எஃப்டபிள்யூடி (முன்சக்கர இழுவை) என்று எழுதிய ஒரு காலி ஃப்யூஸ் சாக்கெட். அதில் ஃப்யூஸைச் சொருகினால் கரண்ட் போய் பின்சக்கரம் விடுபடும், டேஷ்போர்டில் அதே எழுத்தில் ஒரு விளக்கும் எரியும். சின்ன ஸ்பேர் டயர் மாட்டி ஓட்டும்போது இப்படிச் செய்யச் சொல்லி கையேட்டிலேயே போட்டிருந்தார்கள். பிடுங்குவதற்குப் பதிலாகச் சொருக வேண்டிய ஃப்யூஸ்.

ஹோண்டா சிஆர்-வியின் பழைய தலைமுறைகளில், 2011 வரை வந்தவற்றில், பிடுங்குவதற்கு ஒன்றுமே இல்லை. முன்பக்கச் சுழற்சிக்கு ஒரு பம்ப், பின்பக்கத்துக்கு ஒரு பம்ப். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும் வரை எண்ணெய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சும்மா ஓடும். முன்சக்கரம் வழுக்கி வேகம் கூடினால் எண்ணெய் மிஞ்சி, அழுத்தம் ஏறி, கிளட்ச் பிடிக்கும். எல்லாமே எண்ணெய்யும் இரும்பும்தான். கம்ப்யூட்டருக்கு இதில் வேலையில்லை.

மோட்டாரால் இயங்குகிற டிரான்ஸ்ஃபர் கேஸ்கள் (சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பகிர்கிற பெட்டிகள்) இன்னொரு ரகம். ஒரு சின்ன மோட்டார் சுழன்று கிளட்சை நெருக்கும் அல்லது தளர்த்தும். அதன் கரண்ட்டை வெட்டினால், வெட்டிய நேரத்தில் எந்த நிலையில் இருந்ததோ அதிலேயே அது நின்றுவிடலாம். பாதி பிடித்த நிலையில் நின்றால் கிளட்ச் தேய்ந்துகொண்டே ஓடும்.

இவையெல்லாம் தானாகச் சேர்ந்து பிரியும் வகைகள். எப்போதும் நாலு சக்கரமும் ஓடுகிற, முன்னுக்கும் பின்னுக்கும் சுழற்சியைப் பிரிக்க நடுவில் டிஃபரன்ஷியல் வைத்த வண்டிகள் தனிச் சாதி. பழைய லேண்ட் ரோவர் டிஸ்கவரி, லாடா நிவா போன்றவை. அவற்றில் நிறுத்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்க ஷாஃப்டைக் கழற்றினால், டிஃபரன்ஷியலின் குணப்படி, சுழற்சி முழுவதும் எதிர்ப்பு இல்லாத அந்தக் காலிப் பக்கத்துக்கே போய்விடும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. நடு டிஃபரன்ஷியலை லாக் செய்தால்தான் நகரும். இன்னொன்றும் நடக்கும்: லாக் இல்லாத நேரத்தில் கியரைப் பார்க்கில் போட்டாலும் வண்டி நிற்காது, சரிவில் உருண்டுவிடும். ஷாஃப்ட் உடைந்து அவசரத்துக்கு இப்படி ஓட்டி வருபவர்கள் ஹேண்ட் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும், கூடவே சக்கரத்துக்குக் கட்டையும்.

ஒயரை அறுப்பது எங்கே நன்றாக வேலை செய்தது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1995 முதல் 2001 வரை வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் கன்ட்ரோல் ட்ராக் என்ற ஆட்டோமேட்டிக் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் டூ வீல் டிரைவ் என்ற நிலையே கிடையாது, ஆட்டோவில்தான் தொடங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் மின்காந்த கிளட்சுக்குப் போவது ஒரு பழுப்பு ஒயர். அதை நடுவில் வெட்டி ஒரு சுவிட்ச் வைத்துவிடுவார்கள். சுவிட்சைத் திறந்தால் வெறும் பின்சக்கர வண்டி. லோ கியரில் போட்டுச் சுவிட்சைத் திறந்தால், பின்சக்கரங்களுக்கு மட்டும் லோ கியர் கிடைக்கும். கனமான டிரெய்லரை இடுக்கான இடத்தில் பின்னுக்குத் தள்ளி நிறுத்த அது அருமையான வசதி. அந்த வேலை சுத்தமாக முடிந்ததற்குக் காரணங்கள் உண்டு: கரண்ட் இல்லாவிட்டால் விடுபடும் வகை கிளட்ச், அடிப்படையில் பின்சக்கர வண்டி, அந்த எக்ஸ்ப்ளோரர்களில் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கிடையாது. இன்றைய வண்டியில் கடைசிக் காரணம்தான் இடிக்கும்.

இப்போதைய வண்டிகளில் ஏபிஎஸ்ஸும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் கப்ளிங்கும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. வளைவில் வண்டி நழுவும்போது ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். அந்த நேரத்தில் முன்னும் பின்னும் பிணைந்திருந்தால் கணக்கு கெட்டுவிடும் என்பதால், கப்ளிங்கைத் தளர்த்து என்று உத்தரவு போகும். நீங்கள் கப்ளிங்குக்குப் போகும் ஒயரின் சாக்கெட்டைக் கழற்றியதும் கம்ப்யூட்டர் "கப்ளிங் பதில் சொல்லவில்லை" என்று பழுதுக் குறியீட்டைப் பதிந்துகொள்ளும். ஃபோர் வீல் டிரைவ் விளக்கு மட்டும் எரிந்தால் பரவாயில்லை. பல வண்டிகளில் அதோடு சேர்த்து டிராக்ஷன் கன்ட்ரோலும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் விலகிக்கொண்டு அவற்றின் விளக்குகளும் எரியும். உயரமான வண்டியை ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாமல் மழையில் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு உறுமல் சத்தத்தைத் தவிர்க்க அது மிக அதிக விலை.

விளக்கு எரியாமலிருக்க சாக்கெட்டில் காயிலுக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை (கரண்ட்டுக்குத் தடை கொடுக்கிற பாகம்) சொருகி ஏமாற்றலாம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். காயிலின் தடை 3 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட் முழுதாகக் கிடைக்கும் நேரத்தில் 4 ஆம்பியர் பாயும், 48 வாட் சூடு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கிற கடுகளவு ரெசிஸ்டர் அதில் புகைந்துபோகும். அதற்கேற்ற பெரிய ரெசிஸ்டரை வண்டிக்கு அடியில் கட்டினால் அது கொதிக்கும். அப்புறம், கம்ப்யூட்டர் பின்சக்கரத்துக்கு இழுவை போகிறது என்று நம்பிக்கொண்டே முடிவெடுக்கும். எரிகிற விளக்கு உண்மையைச் சொல்கிறது, அதை ஏமாற்ற வேண்டாம்.

சரி, மைலேஜ். ஃபோர் வீல் டிரைவ் வண்டி கூடுதலாகக் குடிப்பதற்குக் காரணம் முக்கியமாக எடையும் உராய்வும். அந்தச் சின்னப் பெட்டியின் பல்சக்கரங்கள் எண்ணெய்யைக் கடைந்துகொண்டே இருக்கின்றன. புரொப்பல்லர் ஷாஃப்டும் அதைத் தாங்குகிற நடு பேரிங்கும் சுழல்கின்றன. பின் டிஃபரன்ஷியலைப் பின்சக்கரங்களே சுற்றுகின்றன. சாக்கெட்டைக் கழற்றினால் இவற்றில் எதுவும் நிற்பதில்லை, எடையும் ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கப்ளிங் எப்படியும் பெரும்பாலும் தளர்ந்துதான் இருக்கிறது. நீங்கள் மிச்சம் பிடிப்பது கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே வரும் சிறு உராய்வை மட்டும்.

உண்மையிலேயே மிச்சம் பிடிக்க நினைத்த நிறுவனங்கள் என்ன செய்தன என்று பார்த்தால் இது புரியும். 2014 ஜீப் செரோக்கியிலும், 2019 டொயோட்டா ராவ்4 வண்டியின் உயர் வகைகளிலும், பின் இழுவை வேண்டாத நேரத்தில் புரொப்பல்லர் ஷாஃப்டே நின்றுவிடும்படி அமைத்தார்கள். ராவ்4 வண்டியில் ஷாஃப்டின் முன்முனையிலும் பின்முனையிலும் பல் வைத்த கிளட்சுகள், இரண்டும் விடுபட்டால் நடுவில் உள்ளது சுழலாது. இவ்வளவு வேலை செய்தால்தான் பெட்ரோல் பம்பில் ஏதாவது தெரியும். ஒரு ஃப்யூஸைப் பிடுங்கி அதை வாங்கிவிட முடியாது.

இனி அந்த உறுமல். என் கணிப்பில் உங்கள் கேள்வியின் நிஜமான பாதி இதுதான்.

ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகின்றன. முன்பக்கம் அதிகம் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கப்ளிங்கின் கிளட்ச் வழுக்கி விட்டுக்கொடுக்க வேண்டும். எண்ணெய் நல்ல நிலையில் இருந்தால் வழுக்கல் வெண்ணெய்யாக இருக்கும். எண்ணெய் பழசாகி அதிலுள்ள உராய்வுச் சேர்மானங்கள் செத்துவிட்டால், பிளேட்டுகள் பிடித்துப் பிடித்து விடும். கனமான மேஜையைத் தரையில் இழுத்தால் கர்ர் என்று அதிர்கிறதே, அதே சங்கதிதான். பழைய சிஆர்-விகளில் இது ஊரறிந்த நோய். பின் டிஃபரன்ஷியல் எண்ணெய்யை வடித்து, அதற்கென்றே உள்ள டூயல் பம்ப் எண்ணெய்யை ஊற்றி, காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் எட்டுப் போட்டால் பெரும்பாலும் சத்தம் அடங்கிவிடும். சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் இன்னும் மோசமாகும். மற்ற வண்டிகளில் கப்ளிங்குக்குத் தனி எண்ணெய்யா, டிஃபரன்ஷியலோடு சேர்ந்ததா, மாற்றவே முடியாதபடி மூடியதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஹால்டெக்ஸில் கப்ளிங் எண்ணெய் தனி, டிஃபரன்ஷியல் எண்ணெய் தனி. மெக்கானிக் ஒன்றை மாற்றிவிட்டு இரண்டையும் மாற்றியதாக நினைத்துக்கொள்வது உண்டு.

எண்ணெய்யைவிட முன்னால் பார்க்க வேண்டியது டயர். நாலு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருக்கின்றனவா? 225/65 ஆர்17 அளவை எடுத்துக்கொள்வோம். புதிதாக இருக்கும்போது சுற்றளவு கணக்குப்படி ஏறக்குறைய 2,275 மில்லிமீட்டர். பட்டன் 4 மில்லிமீட்டர் தேய்ந்த டயருக்கு அது 2,250. பார்க்க ஒன்றுமில்லாத வித்தியாசம். ஆனால் முன்னால் இரண்டு புது டயர், பின்னால் இரண்டு தேய்ந்த டயர் என்று மாட்டினால், 100 கிலோமீட்டர் ஓடும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட ஏறக்குறைய 490 சுற்று அதிகம் சுற்றும். டிஃபரன்ஷியலின் பல் விகிதத்தால் அந்த எண்ணிக்கை கப்ளிங்குக்கு வரும்போது இன்னும் பெருகும். நேர்ச்சாலையிலேயே இந்த இழுபறி. கம்ப்யூட்டருக்கும் குழப்பம்: ஏதோ சக்கரம் வழுக்குகிறது என்று நினைத்துக் கப்ளிங்கை இறுக்கலாம், இறுக்கினால் சூடு. சுபாரு நாலு டயர்களின் சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பட்டன் ஆழத்தில் பார்த்தால் அது வெறும் 1 மில்லிமீட்டர்தான். எல்லா வண்டிகளும் இவ்வளவு கறாராக இல்லை, ஆனாலும் இரண்டிரண்டாக டயர் வாங்கும் பழக்கம் இந்த வகை வண்டிக்கு ஒத்துவராது. காற்று அழுத்தத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

டயரும் சரி, எண்ணெய்யும் சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால், அப்போது சாக்கெட்டைக் கழற்றுங்கள். நிரந்தரமாக வேண்டாம், ஒரு சோதனைக்காக. இந்த வேலைக்கு அது மிகவும் பயன்படும்.

இது மின்காந்த வகை கப்ளிங்குக்கு மட்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போக வேண்டாம். பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் உருண்டையான ஹவுசிங், அதிலிருந்து ஒரு ஒயர் மேலே ஏறும். அதன் சாக்கெட்டில் பெரும்பாலும் சேறு அப்பியிருக்கும். முதலில் பிரஷால் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் மண் உள்ளே போய் பின்னில் ஒட்டிக்கொள்ளும். பூட்டு நாக்கை அழுத்தி இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். கழன்ற முனையை டேப் சுற்றி, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி, ஷாஃப்டையும் சைலன்ஸரையும் தொடாத இடத்தில் கட்டுங்கள். ஃப்யூஸைப் பிடுங்குவதைவிட இதுவே மேல். சில வண்டிகளில் அதே ஃப்யூஸ் வேறு எதற்காவதும் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்.

பிறகு அதே மாதிரி மெதுவாக ஒடித்துத் திருப்பிப் பாருங்கள். இடமும் வலமும், எஞ்சின் குளிராக இருக்கும்போதும், கொஞ்ச தூரம் ஓடிச் சூடான பிறகும். உறுமல் காணாமல் போனால் குற்றவாளி கப்ளிங். அப்படியே இருந்தால் கப்ளிங்கின் மேல் பழி போட வேண்டாம். திருப்பத்தில் டக் டக் என்று வந்தால் ஆக்சில் ஜாயின்ட். நேராகப் போகும்போதும் வேகத்தோடு சேர்ந்து ஏறுகிற முனகல் என்றால் சக்கர பேரிங் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்டின் நடு பேரிங். இந்த இரண்டையும் எந்த ஃப்யூஸும் சரிசெய்யாது. டூ வீல் டிரைவாக மாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில், தேய்ந்த சக்கர பேரிங்கோடு ஓட்டிக்கொண்டிருப்பது ஆபத்து.

ஷாஃப்டையே கழற்றிவிட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கப்ளிங் வகை வண்டியில் அது நடக்கும், ஷாஃப்ட் சுழலாததால் உராய்வும் கொஞ்சம் குறையும். போல்ட் போட்ட தட்டுகளால் இணைந்த ஷாஃப்ட் என்றால் கழற்றும் முன் இரண்டு தட்டுகளிலும் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது அதே நிலையில் பொருந்தாவிட்டால் பேலன்ஸ் போய் வண்டி அதிரும். ஒரு முனையைக் கழற்றிவிட்டு மறுமுனையில் தொங்கவிட்டால் ஜாயின்ட் வீணாகும். பல்வரிசையால் நேராக உள்ளே சொருகிய வகை என்றால், உருவியதும் ஆயில் சீல் திறந்து எண்ணெய் கொட்டும். சக்கரத்துக்குப் போகும் ஆக்சில் ஷாஃப்டை மட்டும் முழுதாக எடுத்துவிட்டு ஓட்டவே கூடாது. பல வண்டிகளில் சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பதே அந்த ஆக்சிலின் முனையும் அதன் நட்டும்தான். அது இல்லாமல் ஓடினால் பேரிங் பிரிந்து சக்கரம் கழன்று வரலாம். ஆக்சில் உடைந்துபோனாலும், ஜாயின்டைப் பிரித்து வெளி முனையை மட்டும் ஹப்பில் (சக்கரம் மாட்டுகிற நடுப்பாகம்) திரும்ப மாட்டி நட்டை இறுக்கிய பிறகுதான் சக்கரம் தரையில் படலாம்.

எஞ்சின் பவரை அளக்கிற சோதனை மேடையில் ஏற்றுவதற்காக ஃபோர் வீல் டிரைவை நிறுத்த வேண்டும் என்றால் அது வேறு கதை. இரண்டு சக்கர உருளை மேடையில் முன்சக்கரங்கள் மட்டும் வேகமாகச் சுற்றும்போது, வழுக்குகிறது என்று கப்ளிங் பாய்ந்து பிடித்தால் வண்டி மேடையை விட்டுத் தாவும். நாலு சக்கரத்துக்கும் உருளை உள்ள மேடையைத் தேடுவதுதான் நல்லது. பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதையும், இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுப்பதையும் அப்படியே தவிர்ப்பது நல்லது. சாவி இல்லாதபோது கப்ளிங் விடுபட்டுத்தானே இருக்கும் என்று தோன்றும், ஆனால் உள்ளே எண்ணெய் ஒட்டுதலால் கொஞ்சம் இழுவை எப்போதும் உண்டு. தூக்கிவைக்கிற லாரியில் ஏற்றச் சொல்லுங்கள்.

கப்ளிங்தான் போய்விட்டது, புதிது போட இப்போதைக்கு வசதியில்லை என்ற நிலை வந்தால், சாக்கெட்டைக் கழற்றிய நிலையிலேயே சில மாதம் ஓட்டலாமா? ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கு எரியாமல் இருக்கிறது, கப்ளிங் இரும்பு நொறுங்கிச் சிக்கிக்கொள்ளும் நிலையில் இல்லை, எண்ணெய் கசியவில்லை என்ற மூன்றும் சரியாக இருந்தால் ஓட்டலாம். எண்ணெய் அளவை மட்டும் விடாமல் பாருங்கள், ஏனென்றால் உள்ளே எல்லாம் இன்னும் சுழல்கிறது. முன் டயர்கள் சீக்கிரம் தேயும். ஈர மண் ஏற்றத்தில் முன்சக்கரம் சும்மா சுற்றும்போது, பின்சக்கரம் கைகொடுக்கும் என்று பழக்கத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தாதீர்கள். வாரன்டியில் உள்ள வண்டி என்றால் இதில் எதையும் தொடாமல் சர்வீஸுக்கே கொண்டுபோங்கள். வீட்டில் வேறு யாரும் அதே வண்டியை ஓட்டினால், பின் இழுவை இல்லை என்று ஒரு சீட்டு எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.